கிளிக்கு நோய் இல்லை

நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிக்க எனக்கு ஒரு கிளி தேவைப்பட்டது.

என் மனைவி இருந்த காலத்துக் கதை இது. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். என் இருமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிக்கொண்டிருந்த நாட்கள். பின்னறையில் ஒரு கிளி இருந்தால், அதைப் பார்க்கப் போகிறேன் என்று அடிக்கடி எழுந்து போகலாம். ஜன்னலோரம் நின்று ஊதலாம். கிளி வளர்த்து விற்பவர் ஒருவரிடம் பச்சைக் குஞ்சு ஒன்றை வாங்கி வந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது.

மனைவி கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விற்றவர் நோய்ச் சோதனை செய்தாரா என்று கேட்டாள். செய்யவில்லை. மறுநாளே பறவை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ஒரு சொட்டு ரத்தமும் இரண்டு இறகும் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை கிளி தனி அறையில் இருக்க வேண்டும், ஒரே ஆள்தான் தீனி வைக்க வேண்டும் என்றார். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"சட்டையில ஒட்டின புகைகூட இதுக்கு ஆகாதுங்க. மூச்சு திணறும்."

அந்த ஒரே ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

தெருமுனையில் ஊதிவிட்டு வந்து குளித்தேன். ஒரு நாளைக்கு ஏழு குளியல். மீன்கூட அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்திருக்காது. நான்காம் நாள் கிளி என் கட்டைவிரலில் ஏறி, சட்டைப் பொத்தானைக் கொறித்தபடியே தூங்கிப்போனது. இது செத்துவிடக் கூடாதே என்று சிகரெட் பெட்டியைத் தெருமுனைக் குப்பையில் போட்டேன். அன்றோடு குளியல் ஒன்றானது.

தினமும் மாலையில் மனைவியிடம் முடிவு வந்ததா என்று கேட்பேன். ஆய்வகத்தில் கூட்டமாம் என்பாள். கிளி தும்மினால் எனக்குச் சோறு இறங்காது.

நாற்பதாம் நாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். நோய் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் அச்சகத்தில் பிழை திருத்தியே பழகிய கண். அழுதுகொண்டே தேதியையும் படித்துவிட்டது.

"இது வந்து முப்பத்தஞ்சு நாள் ஆச்சேடி."

கிளிக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கிளிக்கு அஞ்சு நாள் போதும்னாருங்க டாக்டர். உங்களுக்குத்தான் நாப்பது நாள் கேட்டாரு."