வக்கீலக்கா விசாரித்த நாவல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நாவல் எழுதியவளையே கூண்டில் ஏற்றி விசாரித்த மனுஷியோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவள். மதுரை ஜில்லாவில் வேறு யாருக்கு அந்தப் பாக்கியம்?

ஆரப்பாளையத்தில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த அவருக்குப் பட்டப்பெயர் வக்கீலக்கா. கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. மத்தியானம் நாங்கள் பூக்கட்டுவோம். அவர் வாடகை நூலகத்து நாவலை வாசிப்பார். அந்தக் காலத்து அம்மா ஒருத்தி எழுதியது. நாலு வரி போனதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எழுதியவளைப் பிடித்துக்கொள்வார்.

“ஏத்தா, பொம்பளை படுற பாட்டை இம்புட்டு நல்லா எழுதுற. கடைசியில எதுக்கு அவளைக் கொண்டுபோய் புருசன் கால்லயே போடுற? எழுதுறப்ப ஒன் வீட்டுக்காரரு பக்கத்துல நின்னாரா?”

“செத்தவுகளை ஏன்க்கா வையிறீக?” என்று கேட்டேன்.

“செத்தாத் தப்பிச்சிரலாமா?”

எழுபதுகளின் கடைசியில் என் மூத்தவள் செல்வி பத்தாவது படித்தாள். பரீட்சை எழுத அவளுக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை. ஆனால் லாரி ஓட்டும் என் தம்பி, தையில் அவளைக் கட்டுவதென்று தட்டோடும் பெரியவர்களோடும் வந்துவிட்டான். தாய்மாமன் உரிமை. மறுத்தால் பிறந்த வீடு அற்றுப்போகும். வந்தவர்களுக்குப் பாயை விரித்தேன்.

வக்கீலக்கா நாவலோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார்.

“ராகுகாலம் முடியட்டும். அதுவரைக்கும் சும்மாதான இருக்கீக, கேளுங்க.”

சிலேட்டைப் பிடுங்கிக் கல்யாணம் செய்துவைத்த ஒரு சிறுமியின் கதை. அன்றைக்கு அவர் எங்கும் நிறுத்தவில்லை. எழுதியவளை வையவும் இல்லை. புருஷன் வீட்டு அடுப்புச் சாம்பலில் அந்தப் பிள்ளை விரலால் ‘அ’ எழுதும் இடம் வந்ததும், தம்பி துண்டில் மூக்கைச் சிந்தினான்.

“எவன் அவன்? படிக்கிற புள்ளைக்குத் தாலி கட்ட வெக்கமா இல்ல? என் லாரிக்கு முன்னால வரட்டும், வச்சுக்கிறேன்.”

வெற்றிலை மென்ற வாய்களெல்லாம் நின்றன. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் தட்டைப் பார்த்தான்.

“பரீட்சை எப்பக்கா?”

“பங்குனியில” என்றேன்.

“எழுதட்டும். மேல படிச்சாலும் படிக்கட்டும். பழத்தை எடுத்து எல்லாரும் சாப்பிடுங்க.”

வக்கீலக்கா நாவலின் அட்டையைத் தட்டினார். “போ ஆத்தா, இன்னைக்கு ஒனக்கு விடுதலை.”

செல்வி டீச்சரானாள். அவள் மகள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

“ஏத்தா, எழுதினதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. அக்கா வர்ற இடத்துல மட்டும் மெதுவாப் போ. அவுக கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்.”