மரத்துக்குக் கம்பி கட்டிய பல் டாக்டர்

மாமனார் வீட்டு மரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் அதன் கீழே நின்று தலையைச் சொறிந்தார். இந்த ஊருக்கு அவர் குடிவந்தே சில மாதங்கள்தான். கல்யாணமான நாளிலிருந்து இவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்திராத மாமனார், மாமியாரையும் தன் மகளையும் அழைத்துக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது வீட்டுச் சாவியையே கையில் கொடுத்திருந்தார்.

“மலையில வளர்ற மரம், மாப்பிள்ளை. தண்ணிய மட்டும் ரொம்ப ஊத்திடாதீங்க. மத்தபடி அது பாட்டுக்கு இருக்கும்.”

அது பாட்டுக்கு இருக்கவில்லை.

“ஊசியிலை மரம்னா வருஷம் பூரா பச்சையா இருக்கணுமே!” என்று கிளினிக்கில் புலம்பினார்.

“தாகமா இருக்கும் சார்,” என்றாள் நர்ஸ்.

டாக்டர் குழாயைத் திறந்துவிட்டார். மறுவாரம் காற்றடித்தபோதெல்லாம் ஊசிகள் கொட்டின. வேர் அழுகிவிட்டதோ என்று பயந்து, தண்ணீர் வடியச் சுற்றிலும் பள்ளம் வெட்டினார். மரம் சாய்ந்தது.

“சாஞ்ச பல்லையே நேராக்குறவன் நான்!” என்று கயிற்றைப் போட்டு இழுத்து கேட்டில் கட்டினார். மரம் நிமிர்ந்தது. கேட் திறக்கவில்லை.

“மரம் எப்படி இருக்கு மாப்பிள்ளை?” என்று போனில் மாமனார் கேட்டார்.

“ஜம்முனு இருக்கு மாமா!”

அவர்கள் திரும்புவதற்கு முந்தின நாள் மரம் மொத்தமாக மொட்டையானது. டாக்டர் பூங்காவில் வெட்டிப் போட்டிருந்த பைன் கிளைகளை வாரிக்கொண்டு வந்தார். பல்லுக்குப் போடும் கம்பியால் கிளைக்குக் கிளை இறுக்கிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் அவர் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மறுநாள் திறக்காத கேட்டில் ஏறிக் குதித்து உள்ளே வந்த மாமனார், மரத்தைப் பார்த்ததும் பையை நழுவவிட்டார்.

“ஐயையோ! இதுக்கு என்ன ஆச்சு?”

“ஏன் மாமா, பச்சைப்பசேல்னுதானே...”

“அதைத்தான் கேக்குறேன்! இது லார்ச் மரம். குளிர் வந்தா மஞ்சளாகி, எல்லாத்தையும் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். குளிர் போனதும் தானா துளிர்க்கும். இப்ப போய்ப் பச்சையா நிக்குதுன்னா ஏதோ பெரிய வியாதி!”

பதறிப்போய்க் கிளையைத் தொட்டார். அது கம்பியோடு கையில் வந்தது.

“செத்துப்போச்சுன்னு நெனச்சேன் மாமா,” என்றார் டாக்டர், பல்லைப் பிடுங்கும்போது அவருடைய நோயாளிகள் வைத்துக்கொள்ளும் முகத்தோடு. “உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல.”

மாமனாரின் மீசை துடித்தது.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி இறங்கிய மாமியார், புடவையை உதறிவிட்டுச் சொன்னாள்:

“நீங்க தைரியமா உள்ள வாங்க மாப்பிள்ளை. என்னோட இந்த மரம் முதல் வருஷம் இலை கொட்டினப்ப, நான் ஊர்ல இருந்து வர்றதுக்குள்ள குச்சி குச்சியா பச்சை பெயின்ட் அடிச்சு வச்ச மனுஷன் இவரு!”