பனியனுக்குப் பல் முளைத்த கதை

பனியன் ஏற்றுமதியாளர் சங்க ஆண்டு விழா மேடையில் கீபோர்டு வாசித்தே தீருவது என்று பிரபாகர் சபதம் எடுத்தது, இரண்டாயிரத்து எட்டில், சிங்கப்பூரில், ஒரு கடை வாசலில். திருப்பூரில் நின்று அப்படிச் சபதம் எடுக்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அங்கே தமிழ்மதி இருந்தாள். அவன் பாட வாயைத் திறந்தால் அவள் ஜன்னலைச் சாத்துவாள். தாலி கட்டிய நாளாகச் சாத்துகிறாள்.

பனியன் ஏற்றுமதிக்காரன் பெட்டியில் எது இருந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சாம்பிள். அந்தக் கடையிலேயே வாங்கிய கீபோர்டை இருபது டீசர்ட்டுக்குள் பச்சைப் பிள்ளையைப் போலச் சுற்றினான். அட்டைப்பெட்டி மேல் 'சாம்பிள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். கோவையில் ஒரு சுங்கம், வீட்டில் ஒரு சுங்கம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கோவை விமான நிலையத்திலேயே கல் குறி தப்பியது. அதிகாரி எக்ஸ்ரே திரையை உற்றுப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"சாம்பிளுங்க. பனியன்."

"பனியனுக்கு ஏன் சார் பல்லு முளைச்சிருக்கு?"

பெட்டி திறந்தது. கறுப்பும் வெள்ளையுமாக அறுபத்தொரு பல்லும் இளித்தன. பிரபாகர் வாய்க்கு வந்த பொய்யை எடுத்துவிட்டான்.

"பழசுங்க சார். என்ற ஊட்டுக்காரியோடதுங்க. அவ பாட்டு டீச்சருங்க. ரிப்பேருக்குக் கொண்டுட்டுப் போனனுங்க."

"கொண்டு போறப்ப இங்க எழுதிக் காட்டுன சீட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அவங்களையே கேட்டுடலாம். போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க."

தமிழ்மதி எடுத்தாள். அதிகாரி குனிந்து பேசினார்.

"அம்மா, உங்க கீபோர்டை ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்திருக்கேன்கிறார் உங்க வீட்டுக்காரர். உங்களுதுதானா?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"என்னுதுன்னு அவரே சொன்னாருங்களா?"

"அவரேதாம்மா சொல்றார்."

"அப்படீன்னா அதை அவரு கையாலயே எழுதி வாங்கிக்கங்க சார். எங்கூட்டுல அப்படியொரு பொருளே இருந்ததில்லீங்க. புதுசுதானுங்க. வரியைப் போட்டுருங்க."

அதிகாரி சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. பிரபாகர் கட்டிய வரி ஒன்று, எழுதிய வரி இரண்டு. 'மேற்படி கீபோர்டு என் மனைவி தமிழ்மதிக்காக வாங்கி வந்தது. அதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.' இரண்டாவது வரி அதிகாரியின் சொந்தச் சரக்கு. நகல் ஒன்றை அவரே மடித்து, "வீட்ல குடுத்துடுங்க" என்று அவன் சட்டைப்பையில் செருகினார்.

வீட்டில் தமிழ்மதி முதலில் காகிதத்தைத்தான் கேட்டு வாங்கிப் படித்தாள். பெட்டியை அப்புறம்தான் பார்த்தாள்.

"மதி, அது அவசரத்துக்குச் சொன்னது. விழாவுல நான் வாசிக்கறேன்னு செயலாளர் கிட்டுசாமி அண்ணங்கிட்டச் சொல்லியாச்சு."

"மாத்திச் சொல்லியாச்சுங்க. நீங்க வாசிக்கறதா அவரே இப்பத்தான் போன் போட்டுச் சொன்னாருங்க. நான் வாசிக்கறனுங்க."

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

அவள் கீபோர்டை மேஜையில் வைத்தாள், ஒயரைச் செருகினாள், உட்கார்ந்தாள். பத்து விரலும் ஓடின. ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பிரபாகர் திறந்த வாயை மூடவில்லை.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி, கணியூர்ல, எங்கம்மா ஊட்டுல. ஆர்மோனியப் பொட்டி வெச்சிருந்தனுங்க. ஊட்டுல எடத்தை அடைக்கும், அங்கயே இருக்கட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை. நினைவில்லாததுதான் சுருக்கென்று குத்தியது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஆசை வெட்கம் அறியாது. பாட்டு முடியும்வரை காத்திருந்து, மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் போனான்.

"விழாவுல நீயே வாசி. நல்லாத்தான் வாசிக்கறே. ஊட்டுலயாச்சும் நான் கொஞ்சம் தொட்டுக்கலாமா?"

தமிழ்மதி காகிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். பிறகு எழுந்து போய், பனியன் வேஸ்ட் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"தொடக் கூடாதுங்க. தொடைக்கலாமுங்க."