சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஓடிய மருமகன்

இராயபுரம்,
பிரஜோத்பத்தி வருஷம், ஆனி மாதம்,
திங்கட்கிழமை சாயங்காலம்.

எண்ணூர் ம-ள-ள-ஸ்ரீ திருமலை மாமா அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் வரதன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உள்ளதைச் சொன்னால், இந்த வீட்டில் சுகமாக இருப்பது நாங்கள் வளர்க்கிற ஆடு ஒன்றுதான். அவ்விடம் உப்பளத்தில் வெயில் நன்றாகக் காய்ந்து, உப்பு வெள்ளையாக விளைந்து, தங்கள் முழங்கால் வலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மங்கம்மா அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடந்ததை அக்கா தங்களிடம் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். உப்பு வாருகிற வேலையை விட்டுத் தாங்கள் வர முடியாமல் போனதால் அதுதான் நடந்தது என்று தாங்களும் நம்பியிருப்பீர்கள். ஆடி பிறப்பதற்குள், வருகிற வியாழக்கிழமை, தங்கள் மகன் ஜெயவேலுக்கும் என் மகள் ராஜாத்திக்கும் பரிசம் போடுவதாகப் பேசி முடித்திருந்தோம். அக்காவோ, "பரிசமும் கெடயாது ஒண்ணும் கெடயாது, தட்டுல பாக்குக்குப் பதிலா அந்தப் பந்த வச்சிக்கோ" என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டு எண்ணூர் ரயிலில் ஏறிவிட்டாள். பெற்ற மகளின் கல்யாணம் ஒரு பந்தினால் நின்றது என்று ஊர் சிரிக்கக் கூடாது மாமா. ஆகையால் பொறுமையாகக் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், துறைமுகத்தில் ஒரு அமெரிக்கக் கப்பல் வந்து, சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கிறது. கப்பல்காரர்களுக்குப் பொழுது போகவில்லை. எங்கள் ஒர்க்ஷாப் ஆட்களோடு தங்கள் ஊர் ஆட்டமான பேஸ்பால் ஆடிப் பார்க்கலாமா என்று எங்கள் துரையிடம் கேட்டார்கள், அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை மாமா. ஒருவன் பந்தை எறிவான், ஒருவன் உருட்டுக்கட்டையால் அடிப்பான், அடித்தவன் கட்டையைப் போட்டுவிட்டு முதல் சாக்குக்கு ஓடுவான். மண் நிரப்பிய சாக்குகள் அங்கங்கே கிடக்கும், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்து அவனுக்கு முன்னால் முதல் சாக்குக்குப் போய்விட்டால் அவுட்டு. சின்ன வயசிலிருந்து கில்லி அடித்த கை அல்லவா, நம் பையன்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் எங்கள் ஒர்க்ஷாப்பிலேயே வேலை பார்க்கிற ஜெயவேல் அடித்தால் பந்து ரயில் பாதை தாண்டிப் போய் விழுகிறது. மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அம்பயராக நிற்க யாரைப் போடுவது என்று கேள்வி வந்தபோது இரண்டு பக்கத்தாரும் டைம்கீப்பர் வரதனைத்தான் காட்டினார்கள். ஏனென்று தங்களுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு மறுநாள் வேலைக்குக் கால் மணி தாமதமாக வந்து, என் பெயருக்கு நேரே நானே சிவப்பு மை போட்டவன் நான். கப்பல் கேப்டன் என்னை உட்கார வைத்துச் சட்டமெல்லாம் சொன்னார், துறைமுகத்து குமாஸ்தா ரகுபதி அதைத் தமிழில் சொன்னான். அதில் ஒரு சட்டத்தைத் தாங்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும், நம் குடும்பம் இப்போது தொங்கிக்கொண்டிருப்பது அதில்தான். அடித்தவன் முதல் சாக்குக்கு ஓடும்போது பாதி தூரம் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். மீதிப் பாதிக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும், அதற்கு நடுவில் ஓட வேண்டும். வெளியே ஓடினாலும் அதற்காக மட்டும் குற்றம் இல்லை. ஆனால் வெளியே ஓடி, சாக்குக்குப் பக்கத்தில் நிற்பவன் பந்தைப் பிடிக்க முடியாமல் குறுக்கே மறித்தால் அவன் அவுட்டு. நியாயமான சட்டம்தானே? எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கோட்டைப் போடும் வேலையை எங்கள் கேட் காவல்காரன் ராசையாவிடம் கொடுத்ததுதான் வந்த வினை. பெரிய துரை பார்வையிட வரும் நாளெல்லாம் அவர் நடப்பதற்குக் கேட்டிலிருந்து ஆபீஸ்வரை அவன்தான் கோடு போடுவான். அதே கை, அதே வாளி. நூல் பிடித்தாற்போல இரண்டு கோடு இழுத்து, சும்மா இருக்காமல் நடுவில் செம்மண்ணும் தூவி, கடைசியில் தடியோடு நின்று ஒரு நாயை விரட்டிக்கொண்டிருந்தான். நம் ஆட்கள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டார்கள். ஆட்டம் ஆரம்பித்த பிறகும் ஒருவனாவது அந்தப் பாதையில் கால் வைக்க வேண்டுமே! வலது கைப் பக்கம் வேடிக்கை பார்க்கிற பெண்பிள்ளைகள் கூட்டம், அதனால் எல்லோரும் இடது பக்கத்துப் புல்லிலேயே ஓடினார்கள். "பாதையில ஓடுங்கடா, பாதையில ஓடுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இருபது வருஷமாக "பாதைய வுட்டு எறங்குடா" என்று கத்தின அதே வாய் இது, யார் நம்புவார்கள்?

கடைசி ஆட்டையில் இரண்டு பக்கமும் சரிசமம். நம் பக்கத்தில் இரண்டு பேர் அவுட்டு, மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டை முடிந்தது, வந்த ரன்னும் செல்லாது. நீலமேகம் கடைசிச் சாக்கில் நின்றுகொண்டிருந்தான், அவன் வந்து சேர்ந்தால் ஜெயம். கட்டையைப் பிடித்தவன் தங்கள் மகன். அக்கா கூட்டத்தில் எழுந்து நின்று, "அடிரா என் ராசா" என்றாள். ராஜாத்தியும் எழுந்து நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னாலும் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பந்து வந்தது. எத்தனையோ தரம் ரயில் பாதை தாண்டி அடித்தவன், அன்றைக்கென்று காலடியிலேயே தட்டிவிட்டான். முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டியிருந்த கப்பல்காரன் பாய்ந்து பந்தை எடுத்து முதல் சாக்குக்கு எறிந்தான். ஜெயவேல் புல்லில், கோட்டுக்கு வெளியே, பந்துக்கும் சாக்குக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவன் முதுகில் பொத்தென்று விழுந்து எங்கேயோ உருண்டு போயிற்று. நீலமேகம் வந்து சேர்ந்துவிட்டான். மைதானமே எழுந்து கூத்தாடியது, தலைப்பாகைகள் பறந்தன. நான் கையைத் தூக்கி அவுட்டு என்றேன்.

பறந்த தலைப்பாகைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன மாமா. பிறகு அக்கா மைதானத்துக்குள் இறங்கி வந்தாள்.

"டேய் வரதா! புள்ள முதுவுல அடி வாங்கிகினு நிக்கிறான், நீ அவனையே அவுட்டுன்ற? உனுக்கு கண்ணு கீதா இல்லியா?"

"அக்கா, சட்டம் அப்டி."

"இன்னா பொல்லாத சட்டம்? பொண்ணு குடுக்கிற மூஞ்சியாடா இது?"

ஜெயவேல் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான். "பாதையில ஏன்டா ஓடல?" என்று கேட்டேன். "மாமா, அது தொரை பாதை. அதுல எப்டி காலு வைக்கிறது?" என்றான். கேட்டீர்களா சாக்கு? எதிரில் துடைத்து வைத்தாற்போல் பாதை கிடக்கிறது, துரை அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடிக்கிறார், இவன் கால் வைக்க மாட்டானாம்! கொழுப்பைத் தவிர வேறென்ன? இருட்டிவிட்டதால் ஆட்டம் சரிசமம் என்று முடிந்தது. தோற்காமல் தப்பித்த சந்தோஷத்தில் அந்தக் கப்பல்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். வேண்டாம் வேண்டாம் என்றேன், தமிழ் யாருக்குப் புரிகிறது? அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

நேற்றிலிருந்து என் பாடு பேஜாராக இருக்கிறது. டீக்கடையில் கையை நீட்டினால் கடைக்காரன், "அவுட்டு அண்ணாத்தே, பாலு அவுட்டு" என்கிறான், அடுத்தவனுக்கு ஆற்றிக் கொடுக்கிறான். தெருப்பிள்ளைகள் நான் வருவதைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்குகின்றன. என் சம்சாரம் பூவம்மா சொம்பை வைக்கிற சத்தத்தில் பல்லி விழுகிறது. ராஜாத்தி என்னோடு பேசுவதில்லை, ரசத்தில் உப்பு போடுவதும் இல்லை. உப்பளத்து வீட்டுக்குப் போக வேண்டிய பெண், இப்படித்தான் துக்கத்தைக் காட்டுகிறாள். இன்று மத்தியானம் அந்த உப்பில்லாத சோற்றைச் சாப்பிடும்போது என் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாமா, நான் சொன்னது சொன்னதுதான். அவுட்டு என்றால் அவுட்டு. கல்யாணத்துக்காக அதை மாற்றினால் நாளைக்கு நான் டைம்கீப்பர் நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவேன்? தாங்கள்தான் அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஜெயவேல் கோட்டுக்கு வெளியே ஓடியது தப்பு என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்து, வியாழக்கிழமை பரிசத் தட்டோடு வந்து சேர வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம், வாங்கிக்கொள்ள மறுத்தால் வாசலில் வைத்துவிடவும். வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒற்றியூர் அம்மன் துணையிருக்கட்டும். ஜெயவேலுக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, ஆனால் அவன் அவுட்டு.

இப்படிக்கு,
நியாயம் தவறாத மைத்துனன்,
வரதன்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: இந்தக் கடிதத்தின் மூலையில் இருக்கிற கறுப்பு, சாக்கடை. போகிற வழியில் தபாலில் போடலாம் என்று ஜேபியில் வைத்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போனேன். இன்றைக்குப் பெரிய துரை வருகிறாராம், ராசையா கேட்டிலிருந்து ஆபீஸ்வரை இரண்டு கோடு போட்டுச் செம்மண் தூவி வைத்திருந்தான். சங்கு ஊதப் போகிற நேரம். எதிரே பாதை நேராக, காலியாகக் கிடக்கிறது. என் கால் தன்பாட்டுக்கு ஓரமாகப் போயிற்று மாமா, எண்ணெய்க் கழிவு ஓடுகிற சாக்கடை விளிம்பில் நடந்து, இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். ராசையா எட்டிப் பார்த்து, "இன்னா டைம்கீப்பரே, பாதை இங்க கீதே?" என்றான். "அது தொரை பாதைடா, அதுல எப்டி காலு வைக்கிறது?" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சாக்கடையில் நின்றுகொண்டே சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது.

அப்போது எண்ணூர் ரயிலில் வேலைக்கு வந்து இறங்கிய ஒருவன் "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். சுற்றிக்கொண்டு வரவில்லை. இந்தக் கோட்டை மிதித்து, செம்மண்ணைக் கலைத்து, அந்தக் கோட்டையும் அழித்துக்கொண்டு நேரே வந்து, என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராசையா தலையில் அடித்துக்கொண்டான். நான் தாமதம், எனக்குச் சிவப்பு மை போட்டுவிட்டேன்.

மேலே எழுதியிருப்பதெல்லாம் தள்ளுபடி. ஜெயவேல் அவுட்டு இல்லை. பந்து சரியாகத்தான் அவன் முதுகில் பட்டது, சட்டமும் சரிதான், இருந்தாலும் அவன் அவுட்டு இல்லை. வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மத்தியானம் வீட்டில் இதைச் சொன்னேன், ரசத்தில் உப்பு இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வியாழக்கிழமைக்கு ராசையாவிடம் சொல்லிவிட்டேன், தெருமுனையிலிருந்து என் வீட்டு வாசல்வரை இரண்டு கோடு, நடுவில் செம்மண். தாங்களும் அக்காவும் மருமகனும் அதன் நடுவிலேதான் நடந்து வர வேண்டும். நான் வாசலில் நிற்பேன், யாராவது ஓரமாக ஒதுங்கினால் அவுட்டு.