பை இல்லாத டீ

டப்பாவில் ஒரு டீ பேக்கூட இல்லை. ஜெகதீசன் கவிழ்த்துத் தட்டினான். எறும்பு ஒன்று விழுந்தது.

எண்ணூரில் அந்தக் கன்டெய்னர் யார்டில் பன்னிரண்டு வருடமாக டீ போடுகிறவன் அவன். பன்னிரண்டு வருடமாகவே தற்காலிகம். பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் இருப்பதால் வாசலிலேயே தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அடுப்பு கிடையாது. கெட்டிலும் டீ பேக்கும்தான் அவன் சமையலறை. போன வாரத்திலிருந்து டீ பேக் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து டீ வர வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். அது கிடைக்க இரண்டு நாள் ஆகும்.

"ஜெகதீசா, உன் விஷயமா ஒரு மேடம் வந்திருக்காங்க," என்றார் மேனேஜர் ரெஜி, அவன் முகத்தைப் பார்க்காமல். "இன்னிக்கு முடிவு தெரிஞ்சுடும். போய் டீ குடு."

இந்த நாளுக்காகத்தானே ஜெகதீசன் காத்திருந்தான்! மனைவி ஞானசெல்வி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"பர்மனன்ட் ஆயிட்ச்சா?"

"இருமே, இப்பத்தான் மேடம் வந்துகீறாங்க!"

கேட்டுக்கு வெளியே பிரியாணிக் கடை சௌக்கத் அலி பாயிடம் ஓடினான். டீயைத்தான் உள்ளே விடமாட்டார்கள், டீத்தூளைச் சட்டைப்பையில் கொண்டுபோகலாமே! டிஷ்யூ பேப்பரில் தூளை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, வெந்நீரில் முக்கினான்.

மேடம் ஒரு வாய் குடித்தார். நாக்கிலிருந்து ஸ்டேப்ளர் பின்னை எடுத்து சாசரில் வைத்தார். நோட்டில் ஏதோ எழுதினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கப் போடுவீங்க?"

"நூத்தி இருவது மேடம்! ஒரு நாள் லீவு போட்டதில்ல!"

அதையும் எழுதினார். ஜெகதீசன் மறுபடி பாயிடம் ஓடினான்.

"பாய், இன்னிக்கு என் பொயப்பே இதுலதான் கீது. இன்னா பண்ணுவேன்?"

"பேஜாராவாத நைனா." பாய் சங்கிலி கோத்த, ஓட்டை ஓட்டையான எவர்சில்வர் உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "உள்ள தூளப் போட்டுத் தொங்க வுடு. பட்டை, கிராம்பெல்லாம் நான் இதுலதான் போடுவேன்."

மூன்று முறை கழுவினான். இருந்தும் மேடம் கப்பை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"இது டீயா, பிரியாணியா?"

"ரெண்டும்தான் மேடம்," என்று உளறினான். பன்னிரண்டு வருடம் ஒரு வாயில் போயிற்று.

கடைசியாக, பாய் கொடுத்த, பாலும் சர்க்கரையும் கலந்த டீப்பொடி பாக்கெட். கப்பில் கலக்கச் சொல்லி அட்டையில் படமே போட்டிருந்தது. படம் பார்க்கிற நிலையிலா இருந்தான்? மொத்தத்தையும் கெட்டிலில் கொட்டி சுவிட்சைப் போட்டான். நுரை பொங்கி, வழிந்து, பிளக்கில் இறங்கியது.

டப்!

விளக்கு போனது. ஏசி போனது. லாரிகளை எடை போடும் மேடையும் செத்தது. வெளியே டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று ரெஜி கத்தினார்.

எல்லாம் முடிந்தது என்று ஜெகதீசன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஞானசெல்வியின் முகத்தில் எப்படி விழிப்பது? அழுகை வந்தது. அழுதான்.

இருட்டில் மேடம் அருகே வந்தார். நோட்டை மூடினார்.

"எழுந்திருங்க. பாவம், இவ்வளவு வருஷம் எவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க! நாளையிலிருந்து உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல. மேலிடத்துல கையெழுத்துப் போட்டாச்சு."

ஜெகதீசன் துள்ளி எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தான்.

"செல்வி! ஆயிட்ச்சுமே! கையெய்த்துப் போட்டாங்கோ!"

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்தபடி லோடுமேன் உள்ளே வந்தான்.

"மேடம், டீ மிஷின இந்த அண்ணன் நிக்கிற எடத்துலயே எறக்கிடவா?"