நூறு ஆம்பியர் கேபிள்

சந்தேகம் வந்தால் யாரையாவது கேட்பது சாதாரண மனிதர்களின் வழக்கம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், அந்த வேகத்திலேயே ஜெர்மனி வரை வந்துவிட்ட பெண்ணுக்கு அந்த வழக்கம் கிடையாது. (அந்தப் பெண் நான்தான். இன்னும் முழுசாகத் திருந்தவில்லை.)

எழுபதுகளின் தொடக்கம். எர்லாங்கனில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் ஆராய்ச்சி மாணவியாக, ஃப்ராவ் வெபர் என்ற அம்மாளின் மாடியறையில் குடியிருந்தேன். அவர் மகள் இங்கெ ஒரு ஜனவரி சனிக்கிழமை மாலை, பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நிலவறையில். அதைப் போடவும் அணைக்கவும் முழங்கால் வலியோடு படியிறங்கிக்கொண்டிருந்த ஃப்ராவ் வெபர், குழந்தைக்காக ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டார். அறை குளிர்ந்தால் பாய்லரை அதுவே போடும், சூடானால் அணைக்கும். இரண்டையும் இணைக்கும் கேபிள்தான் பாக்கி.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

"வீட்டிலேயே இன்ஜினியர் இருக்கும்போதா?" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பாய்லரின் தகட்டைப் படித்தேன். மணிக்கு இருபதாயிரம் கிலோகலோரி. கிலோவாட்டாக மாற்றி, வோல்டேஜால் வகுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல்! இவ்வளவு ஆபத்தைக் கீழே வைத்துக்கொண்டு மேலே நிம்மதியாகக் கேக் சாப்பிடுகிறார்களே என்று பரிதாபப்பட்டேன்.

நேரே எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் நூறு ஆம்பியர் கேபிள் கேட்டேன். "லிஃப்டுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்டுக்கு" என்றேன் கம்பீரமாக.

கட்டைவிரல் தடிமன். மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்ததை என்னால் தூக்க முடியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்து நண்பர் பாளையங்கோட்டை சேவியரை வழியில் பிடித்து, அவர் சைக்கிளில் ஏற்றினேன்.

வீட்டில் தெர்மோஸ்டாட்டைத் திறந்தால், அது சோப்பு டப்பா அளவு. அதன் துளையில் என் கேபிளின் ஒற்றைக் கம்பிகூட நுழையவில்லை.

"மேடம், இந்த பாய்லர் எதுல எரியுது?" என்றார் சேவியர்.

"ஆயில்ல."

"அப்ப நூறு ஆம்பியர் எதுக்கு? ஆயில்ல அப்பளம் பொரிக்கவா?"

காது மடல் சுட்டது. சூடு தருவது எண்ணெய். தெர்மோஸ்டாட் அனுப்புவதோ 'எரி', 'அணை' என்ற உத்தரவு மட்டும். மெல்லிய ஒயரே அதற்குத் தாராளம். ஆனால் சனிக்கிழமை மதியம் மூடிய கடை இனி திங்கள்தான் திறக்கும். வீட்டு விளக்குகளின் ஒயரையெல்லாம் ஒட்டுப்போட்டாலும் நிலவறைவரை எட்டாது.

குழந்தை சபினே வந்துவிட்டாள். ஃப்ராவ் வெபர் மலைப்பாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழந்தைக்குக் குளிரக் கூடாது. அது இன்ஜினியரின் பொறுப்பு."

புடவைமேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிலவறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மேலே தரையில் துடைப்பக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் பாய்லரைப் போட வேண்டும். இரண்டு தட்டினால் அணைக்க வேண்டும். சபினே தும்மினாள், ஒரு தட்டு. பாட்டிக்கு வியர்த்தது, இரண்டு தட்டு. திங்கள் காலைவரை, தூங்கிய நேரம் போக, இதே உத்தியோகம்.

ஞாயிறன்று சேவியர் எட்டிப்பார்த்தார். "கன்ட்ரோல் ரொம்ப அக்யூரேட், மேடம். டெஸ்ட் ரிப்போர்ட் எழுதிடலாமா?"

"போங்க சேவியர்! ரெண்டு தட்டு கேட்டுச்சு, அணைக்கணும்."

சபினேக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குப் பெயர் மட்டும் மாறிவிட்டது. ஆறு வருஷம் கழித்து அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நானும் போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டீச்சரிடம் அறிமுகப்படுத்தினாள்:

"இவங்கதான் எங்க வீட்டுத் தெர்மோஸ்டாட்."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு திருத்தினேன்: "டாக்டர் தெர்மோஸ்டாட்."