ஏழு மணி நாற்காலிக்கு நடந்த போர்

பவுடர் பூசிய பொன்முகத்தோனே, இரவல் கோட்டணிந்த இணையிலாத் தோளனே, 'நன்றி, வணக்கம்' எனும் இரு சொற்களை இடியென முழங்கும் இன்குரல் வேந்தே, வாழ்க நீ! உன் வெற்றியைப் பாடப் புகுந்த என் நாவுக்கு, செய்திகளைக் காக்கும் தெய்வம் ஏதேனும் இருக்குமாயின், அது துணை நிற்பதாக!

உள்ளூர்க் கேபிள் சேனலில் பதினோரு ஆண்டுகள் பகல் பன்னிரண்டு மணிச் செய்தியை, பார்ப்பார் இல்லையென்றும் பதறாது, கேட்பார் இல்லையென்றும் கலங்காது வாசித்து நின்ற அப்பெருமகனுக்கு ஊரார் சூட்டிய பட்டம் 'பன்னண்டு மணி'. முடிவெட்டும் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

இதோ, காலம் கனிந்தது! ஏழு மணிச் செய்தி வாசித்தவர் பெரிய சேனலுக்குத் தாவிவிட, சக்கரம் நான்குடைய, கைப்பிடி ஒன்றேயுடைய அச்சிங்காதனம் அரசனின்றித் தவித்தது. முதலாளி திருவாய் மலர்ந்தார்: "இன்னைக்கு ஒரு நாள் நீங்க வாசிங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாக்குறேன். நல்லா இருந்தா சீட்டு உங்களுக்குத்தான்." மனைவியார் சட்டையை இருமுறை தேய்த்தார், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டார்.

போர்முரசாம் முகப்பிசை அதிர ஒரு நிமிடமே இருக்கையில், செய்தி தட்டச்சிடும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே, 'திறந்து'ன்னு அடிச்சா இந்தப் பாழாப்போன கம்ப்யூட்டர் தானாவே 'இறந்து'ன்னு மாத்திடுது. திருத்த நேரமில்லை. நீங்களே பாத்துப் படிச்சுடுங்க!"

"அஞ்சற்க!" என்பதுபோல் கையுயர்த்தினார் நம் கோமான்.

எழுந்தது திரையில் முதற்பகை: 'மேயர் புதிய நூலகத்தை இறந்து வைத்தார்.' இமைப்பொழுதில் அதன் தலையரிந்து, "திறந்து வைத்தார்!" எனக் கர்ச்சித்தார். வந்தது மேம்பாலம், அதையும் திறந்தார். வந்தன அணையின் மதகுகள், "திறந்து விடப்பட்டன!" என்று அவர் முழங்கிய முழக்கில் மேசைமேலிருந்த தண்ணீர்க் குவளை தளும்பியது. கண்ணாடிக்கு அப்பால் முதலாளி தலையாட்டினார். ஆகா, அத்தலையாட்டலைக் கண்ட கண்ணுக்கு வேறெதுவும் தெரியுமோ? கோட்டுக்குள் மார்பு விம்ம, மீசை துடிக்க, பதினோரு ஆண்டுப் பகல்வெயில் முழுவதும் ஒரே மாலையில் தணிந்ததாய்க் களிகொண்டு, வெறிகொண்டு, எதிர்ப்படும் ஒவ்வோர் 'இற'வையும் வெட்டி வீழ்த்தும் வேகத்தோடு கடைசிச் செய்திமேல் பாய்ந்தார்:

"தொண்ணூற்றிரண்டு வயதான முன்னாள் நகராட்சித் தலைவர், உற்றார் உறவினர் சூழ, இன்று காலை ஆறு மணிக்குத் தமது இல்லத்தில் அமைதியாகத் திறந்தார்!"

கேமராக்காரரின் தோள்கள் குலுங்கின. தட்டச்சுப் பெண் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். ஏதும் அறியாத வெற்றிவேந்தன் "நன்றி, வணக்கம்!" எனக் கைகூப்பிப் புன்னகைத்த அக்கணத்தில், காதுக்கருவி வழியே முதலாளியின் குரல் மிக நிதானமாக ஒலித்தது: "ஏங்க, அவரு எத்தனை மணிக்கு மூடுவாரு?"

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வழக்கம்போலச் செய்தி வாசித்தார்.